காலை ஆறு இருபது

ஊர்ச் செய்தியை இணையத்தில் போடுவதற்கு நல்ல நேரம் காலை ஐந்து நாற்பது. சுபஹுத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணீர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை; தொலைபேசியைத்தான் எடுப்பார்கள். ஆறரை தாண்டினால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பெரியவர்களுக்கு வயலும் கடையும். பகல் பதினொரு மணிக்கு நீங்கள் குளத்தில் தங்கம் மிதக்கிறது என்று போட்டாலும் நாலு பேர்தான் பார்ப்பார்கள். பதினொரு வருடம் இதைச் செய்தவன் சொல்கிறேன்.

என் பெயர் அஸ்மின். ஒட்டுசுட்டான் வீதியில் பாலைக்குடியிருப்புச் சந்தியில், போட்டோக்கொப்பி எடுத்து, விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற கடை என்னுடையது. 'பாலைக்குடியிருப்புச் செய்திகள்' என்ற வலைப்பூவை நடத்துகிறவனும் நான்தான். அது இரண்டு தளங்களில் வருகிறது. ஒன்று முடங்கினாலும் மற்றது இருக்கட்டும் என்று அப்படிச் செய்தேன். முகநூல் பக்கமும் உண்டு. லதீபா ராத்தாவுக்கு நான் செய்ததை ஒழுங்காக ஓரிடத்தில் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன். ஒருவரும் கேட்டு நான் எழுதவில்லை. ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் தொண்ணூறாம் ஆண்டு, வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மொத்தமாக எழும்பிப் போன ஊர். இருபது வருடம் கழித்துத் திரும்பியபோது பாதிப் பேர்தான் வந்தோம். மிச்சப் பேர் புத்தளத்திலும் கொழும்பிலும் கட்டாரிலும் வேர் விட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் மௌத்து, மரணம் என்றால் ஜனாஸாவை அன்றைக்கே அடக்குகிறவர்கள் நாங்கள். செய்தி ஒரு மணித்தியாலம் பிந்தினால் முகம் பார்க்கக் கிடையாது. அதற்காகத்தான் இரண்டாயிரத்துப் பதினான்கில் இதைத் தொடங்கினேன். நல்ல நோக்கம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பதிவை எழுதி உடனே வெளிவிட வேண்டும் என்று இல்லை. இன்ன திகதி, இன்ன நேரம் என்று குறித்து வைத்தால் அது அந்த நேரத்துக்குத் தானாக வெளியாகும். நான் அதை நேரம் கட்டுவது என்பேன், மாடு கட்டுகிற மாதிரி. மின்வெட்டுக் காலத்தில் ஒரு நாளைக்குரிய எல்லாவற்றையும் ஒரே இருப்பில் எழுதி, கட்டிவைத்துவிட்டு மற்ற வேலை பார்ப்பேன்.

தொடங்கிய புதிதில் ஒரு பிழை நடந்தது. வலைப்பூ அமெரிக்க நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. காலை ஐந்து நாற்பதுக்கு என்று நான் கட்டியதெல்லாம் எங்கள் ஊர் மணிக்கூட்டில் பின்னேரம் ஆறு மணிக்கு வெளியானது. ஆனால் பதிவின் மேலே 'காலை 5.40' என்றே இருந்தது. நாலு மாதம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டபோது, "காலையில நான்தான் கவனிக்கேல்ல போல" என்றார்கள். அப்போதுதான் ஒன்று விளங்கியது. பதிவில் ஒரு நேரம் எழுதியிருந்தால் ஜனங்கள் தங்கள் கண்ணைச் சந்தேகிப்பார்களே தவிர அந்த நேரத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள். அதை நான் நேரவலயத்தைத் திருத்தியபோது மறந்துவிடவில்லை.

இனி லதீபா ராத்தாவுக்கு வருகிறேன். மூத்த பெண்ணை ராத்தா என்றும் மூத்த ஆணை நானா என்றும்தான் நாங்கள் கூப்பிடுவோம்.

எங்கள் ஊரில் இரண்டு கலந்தர்கள் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் முதலெழுத்து 'மு'. ஒருவர் குளத்தடிக் கலந்தர், மற்றவர் மில்லடிக் கலந்தர். இரண்டாயிரத்துப் பதினைந்தில் ஒரு நாள், 'மு. கலந்தர் மௌத்து, அஸருக்கு அடக்கம்' என்று எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. நான் மில்லடிக் கலந்தரின் படத்தைப் போட்டுப் பதிவு செய்துவிட்டேன். மௌத்தானவர் குளத்தடியார். புத்தளத்திலிருந்து ஒரு வான் நிறைய சனம் அழுதுகொண்டு வந்து மில்லடியில் இறங்க, படலையைத் திறந்துவிட்டதே கலந்தர் நானாதான். கையில் உரித்துக்கொண்டிருந்த கச்சான் கடலையோடு நின்றாராம்.

அவருடைய மனைவிதான் லதீபா ராத்தா. வாய்க்காரி, ஆனால் கெட்ட மனிதர் இல்லை. வந்த சனத்துக்குச் சோறு சமைத்துப் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலடியில் நாலு பேர் நிற்கும்போது என்னைக் கண்டுவிட்டுச் சொன்னார்: "என்ட மனுசனை அல்லாஹ் எடுக்க முந்தி இவன் எடுத்திட்டான். மலக்குல் மௌத்தும் இவனிட்டக் கேட்டுத்தான் இனி வேலைக்கு வரோணும்."

மலக்கு என்றால் வானவர்; உயிரை எடுக்க வருகிற மலக்கு அது. அன்றிலிருந்து ஊரில் எனக்கு மலக்கு என்று பெயர். மலக்கின் கடை. மலக்கிடம் கொப்பி எடுத்தேன். நோயாளி வீட்டுக்கு நான் போனால், "மலக்கு வாறான், மாமாவை மூடுங்கோ" என்பார்கள். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பகிடிக்குக் கோபிக்கிறவன் ஊரில் வாழ முடியாது.

மறு வருடம் என் வாப்பா பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். ஒரு நாள் மருந்து கொடுக்கக் கிட்டப் போனேன். கண்ணைத் திறந்து பார்த்தார். சுற்றி இருந்தவர்களைச் சிரிக்கவைக்க நினைத்திருப்பார்; அப்படியான மனிதர் அவர். "மலக்கு வந்திட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. இரண்டு நாளில் மௌத்தாகிவிட்டார். வாப்பா என்னைக் கடைசியாகக் கூப்பிட்டது அவர் எனக்கு வைத்த பெயரால் அல்ல. அன்றைக்குக் கிணற்றடியில் போய் நின்று வாளி நிறையும் சத்தத்துக்குள் அழுதேன். லதீபா ராத்தா எங்கள் வீட்டுக்கு மூன்று நாளும் சோறும் கறியும் அனுப்பினார். இறைச்சிக் கறி நன்றாகத்தான் இருந்தது.

இதற்காகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருந்திருந்தால் ஏழு வருடம் காத்திருப்பேனா?

லதீபா ராத்தாவுக்கு ஒரே மகன், றிஷாட். மகள் ஷிபா அவனுக்கு இளையவள். றிஷாட் மாவனல்லையில் பேக்கரியொன்றில் வேலைக்குப் போய், அங்கே றிப்கா என்ற பெண்ணைக் கலியாணம் முடித்தான். அவள் தலாக் ஆனவள், ஒரு பிள்ளையும் உண்டு. ராத்தா, "நான் வேணுமா அவள் வேணுமா எண்டு நீயே முடிவெடு" என்றார். அவன் முடிவெடுத்தான். ராத்தா அவனுடைய நம்பரை வீட்டுத் தொலைபேசிகள் எல்லாவற்றிலுமிருந்து அழிக்கச் சொன்னார். அவனும் ரோசக்காரன், நம்பரை மாற்றி, ஊராரோடு இருந்த எல்லாத் தொடர்பையும் அறுத்துக்கொண்டான்.

வாப்பாவோடு மட்டும் அறுக்கவில்லை. கலந்தர் நானா புது நம்பரை ஒரு கடதாசியிலும் எழுதவில்லை, மனைவி கண்டுவிடுவார் என்ற பயம். தலைக்குள் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, அடையாள அட்டை கொப்பி எடுக்கிற சாட்டில் என் கடைக்கு வந்து, என் தொலைபேசியில் அந்த நம்பரை அடித்து, பின்பக்கம் போய்ப் பேசுவார். பிள்ளை சாப்பிட்டானா, பேரப்பிள்ளை நடக்குதா. முடிந்ததும், "அஸ்மின் தம்பி, இது எங்களுக்குள்ள இருக்கட்டும்" என்பார். இருந்தது. நான் நம்பிக்கையான ஆள்.

மற்ற நாட்களில் றிஷாட் வலைப்பூவைப் பார்ப்பான். எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று அது எனக்குக் கணக்குக் காட்டும். மாவனல்லையிலிருந்து ஒரே ஒரு ஆள், தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு. பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்க்கிறவர்கள் மாதிரி, தன் வீட்டில் ஒன்றும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு அவன் வேலைக்குப் போவான்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஜனவரியில், ஒரு வியாழக்கிழமை, மில்லடிக் கலந்தர் நானா உண்மையாகவே மௌத்தானார். சுபஹு பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஆறு மணிக்கு நான் மௌத்து வீட்டில் நின்றேன். பகல் ளுஹர் தொழுகையோடே அடக்கிவிடலாம் என்று நிர்வாகத்தார் பேசிக்கொண்டிருந்தார்கள். ஷிபா வந்து, உம்மா கூப்பிடுகிறா என்றாள்.

ராத்தா அறைக்கதவின் சீலைக்குப் பின்னால் இருந்தார். கணவனை இழந்த பெண் மறைவில் இருக்கிற இத்தாவுக்கு உட்கார்ந்துவிட்டார். குரல் மட்டும்தான்.

"அஸ்மின் தம்பி, உங்கட அதில இப்பவே போட்டுவிடுங்கோ. என்ட புள்ள விடிய அதைப் பாக்கிறவனாம். இவர்தான் சொல்லுவார், நான்தான் காது குடுக்கேல்ல. நம்பரும் இல்ல, ஒண்டும் இல்ல."

"ஓம் ராத்தா, இப்பவே எழுதுறன்."

"அவன் வந்து வாப்பாட முகத்தைப் பாக்கோணும். அவன்ட தோளில சந்தூக்குப் போகோணும். ளுஹருக்கு எடுக்க விடமாட்டன். பின்னேரம் அஸர் வரைக்கும் வைக்கச் சொல்லுங்கோ. மாவனல்லையில இருந்து ஆறு மணித்தியாலம்தானே?"

"ஆறு, ஆறரை வரும்."

நம்பர் என் சட்டைப் பையிலிருந்த தொலைபேசியில் இருந்தது. அவர் பதிவு போடத்தான் கேட்டார். நம்பர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். கேட்காததற்குப் பதில் சொல்ல முடியாது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரைக்கும் பதிவை உடனே போடத்தான் நினைத்திருந்தேன். தொலைபேசியைக் கையிலும் எடுத்துவிட்டேன். அப்போது ராத்தா சீலைக்குப் பின்னாலிருந்து சொன்னார்:

"தம்பி, அண்டைக்கு நான் அந்தப் பேரைச் சொன்னது பகிடிக்கு. உங்கட வாப்பாவும் கடைசியா அதைத்தான் சொன்னாராம் எண்டு கேள்விப்பட்டு எனக்கு நெஞ்சு எரிஞ்சது. மன்னிப்புக் கேக்கோணும் கேக்கோணும் எண்டே ஏழு வருசம் போயிட்டுது. மனசில வைச்சிருக்காதீங்கோ."

"ஒண்டுமில்ல ராத்தா. நான் எப்பவோ மறந்திட்டன்."

வாப்பாவின் கடைசி வார்த்தை அவருக்குத் தெரியாது என்றே அதுவரை நான் நினைத்திருந்தேன். வாய்க்காரி, ஏதோ சொன்னார், மறந்திருப்பார் என்று. தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு ஏழு வருடம் என் கடையைத் தாண்டிப் பாண் வாங்கப் போயிருக்கிறார். மன்னிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தனக்குத் தேவை வந்த காலையில்தான் எடுத்துக் கொடுத்தார். அவரும் நேரம் கட்டித்தான் வைத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு வந்ததும் மனது ஆறிப்போய்விட்டது. அவ்வளவு அமைதியை நான் தொழுகையிலும் கண்டதில்லை.

முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அறிவித்தலை எழுதினேன். ஒரு எழுத்துப் பிழையில்லை. 'பாலைக்குடியிருப்பு, மில்லடியைச் சேர்ந்த மு. கலந்தர் இன்று அதிகாலை வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்னார் லதீபாவின் அன்புக் கணவரும், றிஷாட், ஷிபா ஆகியோரின் பாசமிகு தந்தையுமாவார். ஜனாஸா இன்று அஸருக்குப் பின் நல்லடக்கம் செய்யப்படும்.' அப்போது நேரம் காலை ஆறு இருபது. பின்னேரம் நாலரைக்கு என்று நேரம் கட்டினேன்.

வெளியாவதற்கு முன் பதிவு எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு முன்னோட்டம் உண்டு. வெளியான பதிவுக்கும் அதற்கும் பார்வைக்கு வித்தியாசமில்லை. நேரம் கட்டுமுன் திறந்து வைத்திருந்த அதை ஷிபாவிடம் காட்டினேன். அவள் உள்ளே ஓடி, "போட்டாச்சு உம்மா, நான் கண்டனான்" என்றாள். நான் பொய் சொல்ல வேண்டியே வரவில்லை. நேரம் கட்டியதும் போட்டதுதானே. முகநூலில் மட்டும் அன்றைக்கு ஒன்றும் போடவில்லை. அங்கே நேரத்தைப் பிறகு மாற்றினால் அது காட்டிக்கொடுக்கும்.

ஊருக்குள் ஒருவரும் வலைப்பூவைத் திறந்து பார்க்கவில்லை. கண்ணெதிரே மையித்து இருக்கும்போது யார் அதைப் படத்தில் பார்ப்பார்கள்? புத்தளத்தாருக்கு அவரவர் சொந்தக்காரர் அழைப்பு எடுத்துச் சொல்லிவிட்டார்கள். றிஷாட்டுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. அவன் ஐந்து நாற்பதுக்குப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒன்றும் இல்லை என்று பேக்கரிக்குப் போயிருந்தான்.

பகல் முழுவதும் ராத்தா மகனுடைய பயணத்தைத் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். ஷிபாவை அனுப்பி என்னிடம் கேட்பார். பத்து மணிக்கு, "இப்ப தம்புள்ளை வந்திருப்பான், என்ன?" நான், வந்திருப்பார் என்று சொல்லி அனுப்பினேன். பன்னிரண்டரைக்கு, வவுனியா. ஒன்றரைக்கு, நெடுங்கேணி. இரண்டு மணிக்கு, "வீதியில யானை நிண்டா வாகனம் எடுக்க ஏலாதுதானே?" ஓம், அந்தக் கிழமை யானை நின்றது உண்மைதான் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று மணிக்குப் பிறகு ஷிபா வரவில்லை.

அஸருக்கு எடுத்தார்கள். ஜனாஸாவைச் சுமக்கிற சந்தூக்கில் மகன் பிடிக்க வேண்டிய முன்பக்கம் வெறுமையாக இருந்தது. நான் போய்த் தோள் கொடுத்தேன். ஜன்னலால் ராத்தா பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். மூன்று கைப்பிடி மண்ணும் போட்டேன். மையவாடியிலிருந்து வந்து கடைக்குப் பின்னால் கால் கழுவிக்கொண்டு நிற்கும்போது தொலைபேசி ஒரு தரம் அதிர்ந்தது. பதிவு வெளியாகிவிட்டது. புதுப் பதிவு வந்தால் மின்னஞ்சல் போகிற ஏற்பாட்டில் றிஷாட் சேர்ந்திருந்தான். நாலு முப்பத்திரண்டுக்கு மாவனல்லையிலிருந்து ஒரு ஆள் பார்த்ததாகக் காட்டியது. நாலு முப்பத்து மூன்றுக்குத் திரும்பவும். பிறகு திரும்பவும். ஏழு தரம்.

ஐந்து மணிக்கு இரண்டு தளத்திலும் போய், பதிவின் திகதிப் பெட்டியில் நேரத்தைக் காலை 6.20 என்று மாற்றினேன். வெளியான பதிவுக்கும் அப்படி மாற்றலாம், பலருக்குத் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க முடியாது என்பார்கள். பூசணிக்காயை யார் மறைத்தது? ஆறு இருபதுக்கு நான் அதை எழுதியது உண்மை. உண்மையான நேரத்தைத்தான் போட்டேன்.

றிஷாட் கிடைத்த பஸ்களில் ஏறி இறங்கி, விடியும்போது வந்து சேர்ந்தான். ஈரம் காயாத கபுறடியில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனான். ராத்தா கதவைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களோடு நானும் வேலியோரம் நின்றேன்.

"உம்மா, அல்லாஹ் மேல சத்தியமா எனக்குப் பின்னேரம் நாலரைக்குத்தான் வந்தது."

"ஷிபா, அதை அவனுக்குக் காட்டு. என்ன நேரம் போட்டிருக்கு?"

ஷிபா ஜன்னல் கம்பிக்கூடாகத் தொலைபேசியைக் காட்டினாள். "ஆறு இருபது, நானா" என்றாள் அழுதுகொண்டு.

"கேட்டியா? ஆறு இருபது. உன்ட வாப்பாவை ஒரு பகல் முழுக்க உனக்காக வைச்சிருந்தன். அதுக்குள்ள அல்லாஹ்வையும் பொய்க்கு இழுக்கிறியா? நான் உனக்குத் தந்த பாலை ஹலாலாக்க மாட்டன். போ."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாய் தான் கொடுத்த பாலை ஹலாலாக்கினேன் என்று வாயால் சொல்லிவிட வேண்டும். அந்தச் சொல் இல்லாமல் மௌத்தாகிற பிள்ளைக்குக் கபுறில் நிம்மதியில்லை என்று எங்கள் பெண்கள் நம்புகிறார்கள். கோபத்தில் யாரும் எளிதில் சொல்கிற வார்த்தை அல்ல அது. கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

போகும்போது றிஷாட் கடைக்கு வந்தான். "நானா, நம்பர் உங்களிட்ட இருந்ததுதானே? ஒரு கோல் எடுத்திருக்கலாமே" என்றான். கோபமாகக் கேட்கவில்லை.

"ஜனாஸா வீட்டு வேலையில தலைகால் தெரியேல்ல தம்பி. பதிவு போட்டிட்டன், நீங்க விடிய பாக்கிறனீங்கள்தானே எண்டு நினைச்சன்."

"எனக்கு வரேல்ல நானா."

"நெட்வேர்க் சில நேரம் பிந்தும்" என்றேன். தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் போனான். தன் தொலைபேசியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு போனான். நான் சொன்னேன்தானே, ஜனங்கள் தங்கள் கண்ணைத்தான் சந்தேகிப்பார்கள்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே தேவையில்லை. ஒரு மகனும் உம்மாவும் பிணங்குவது ஊரில் இல்லாததா?

அதே வருடம் டிசம்பரில், ஒரு புதன்கிழமை, வாப்பா பேசுகிற நம்பர் என்று றிஷாட் சேமித்து வைத்திருந்த என் நம்பருக்கு றிப்காவிடமிருந்து செய்தி வந்தது. றிஷாட்டுக்கு டெங்கு. ஐந்து நாள் வைத்தியசாலையில் இருந்து அன்றைக்குக் காலை வபாத்தாகிவிட்டான். அவள் எழுதியிருந்தாள்: 'மாமி என் குரலைக் கேட்டால் போனை வைத்துவிடுவா. நான் எப்படிச் சொல்ல? நீங்கள் ஊரில் போட்டுவிடுங்கள் நானா. கடைசி இரண்டு நாளும் உம்மா பாலை ஹலாலாக்கினாவா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஓம் என்று பொய் சொன்னேன். மாமியை அதை உண்மையாக்கச் சொல்லுங்கள்.'

நான் அந்தச் செய்தியை மூன்று தரம் வாசித்தேன். கண் கலங்கியது. நானும் மனிதன்தான். அறிவித்தலை அழகாக எழுதினேன். அவனுடைய சின்ன வயதுப் படம் ஒன்று தேடியெடுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு என்று நேரம் கட்டினேன்.

வியாழன் பின்னேரம் ராத்தாவின் வீட்டுப் பக்கம் போனேன். அவருக்குப் பிரஷர் கூடி, ஷிபா மருந்து எடுக்க வந்திருந்தாள். இந்த நிலையில் இந்தச் செய்தியைக் கொடுப்பது சரியில்லை என்று பட்டது. அடுத்த வெள்ளிக்குத் தள்ளினேன். றிப்கா, இன்னும் காணவில்லையே என்று கேட்டாள். 'மாமிக்குச் சுகமில்லை, தக்க நேரம் பார்த்துப் போடுகிறேன் சகோதரி' என்று எழுதினேன். ஜஸாக்கல்லாஹ் என்று நன்றி சொல்லிப் பதில் போட்டாள். அந்த வெள்ளி வந்தது. மழை, வெள்ளம், ஊரே முழங்காலளவு தண்ணீரில். அதற்கடுத்த வெள்ளிக்குத் தள்ளினேன். ஒரு செய்தியைத் தள்ளிப் பழகினால் அது பாரமாகத் தெரிவதில்லை. இப்போது வியாழக்கிழமை தோறும் கடை பூட்டுவதற்கு முன், விளக்கை அணைக்கிற மாதிரி அந்தத் திகதியையும் ஏழு நாள் தள்ளிவிடுவேன்.

நோன்பு மாதம் லதீபா ராத்தா என் கடைக்கு வந்தார். அந்தப் பெயரை வைத்த பிறகு அவர் என் கடைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஒரு சட்டி நோன்புக் கஞ்சி கொண்டுவந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார்.

"மகன், எனக்கு ஒண்டு எழுதிப் போடோணும்."

"சொல்லுங்கோ ராத்தா."

"றிஷாட், உம்மா பாலை ஹலாலாக்கிட்டன். அந்தப் புள்ளையையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வா. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கு. இவ்வளவுதான். பாப்பானா?"

"அஞ்சு நாப்பதுக்குப் போட்டாப் பாப்பார் ராத்தா."

அந்தப் பதிவை மட்டும் நான் ஒரு நிமிடமும் பிந்தவிடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல், சரியாக ஐந்து நாற்பதுக்கு, ஒன்றரை வருடமாகப் போகிறது. ஊரில் எல்லோரும் வாசிக்கிறார்கள். சிலர் அழுவார்களாம். றிஷாட் கல் நெஞ்சன் என்று பேச்சு.

ராத்தா ஒவ்வொரு வெள்ளியும் பத்து மணிபோல வருவார். "மகன், இண்டைக்கும் அங்க இருந்து ஆள் பாத்ததோ?" என்பார். நான் கணக்கைத் திறந்து காட்டுவேன். மாவனல்லை, ஒரு ஆள், காலை ஐந்து நாற்பது. அது றிப்கா. தன் புருசனின் மௌத்து அறிவித்தல் வந்துவிட்டதா என்று பார்க்கிறாள். உம்மா பாலை ஹலாலாக்கியதை அவள் வாசித்துவிட்டாள். மகன் போனது தெரியாமல்தான் எழுதியிருக்கிறா என்று விளங்கி, வாய் திறக்கப் பயந்து இருக்கிறாள். ஒரு தரம் எனக்கு எழுதினாள்: 'மாமிக்கு இனி எப்படிச் சொல்லப் போகிறோம் நானா?' நான் இருக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று எழுதினேன். அதற்கும் ஜஸாக்கல்லாஹ் என்றாள்.

அந்த ஒன்று என்ற இலக்கத்தை ராத்தா விரலால் தொட்டுப் பார்ப்பார். "பாக்கிறான். கோவம் இன்னும் ஆறேல்ல. என்னைப் போலத்தானே இருப்பான்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் அவருக்குக் கொடுத்தேன். செய்தியை அவிழ்த்துவிட்டால் அது போய்விடும், ஆளும் போய்விடுவார். ஒரு பிள்ளை செய்யாததை நான் செய்துகொண்டிருக்கிறேன். ராத்தாவின் மருந்துத் துண்டில் எந்த வேளைக்கு எத்தனை மாத்திரை என்று எழுதிக் கொடுப்பதும் நான்தான். கடையடியில் சின்னப் பெடியன்கள் மலக்கு என்று கூப்பிட்டால் ராத்தா இப்போது கையை ஓங்கிக்கொண்டு போகிறார். "ஆரடா அது? இவன் எனக்கு உசிர் தாறவன்டா."

நேற்று வியாழன். டொக்டர், ராத்தாவின் இதயம் இனி நீண்ட நாள் தாங்காது என்று ஷிபாவிடம் சொன்னாராம். ஷிபா அழுதுகொண்டு வந்து, "றிஷாட் நானாக்கு ஒருக்கா கோல் எடுத்துப் பாருங்கோ, அவர் அண்டைக்கு உங்கட கடைக்கு வந்திட்டுத்தானே போனவர், உங்களிட்ட நம்பர் இருக்கும்" என்றாள். எடுத்தேன். மணி அடிக்கிறது, எடுக்கிறார்களில்லை என்றேன். நான் அடித்தது என் பழைய நம்பருக்கு.

ஆகவே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டேன். இரண்டு தளத்திலும் இப்போது மூன்று பதிவுகள் காத்து நிற்கின்றன. இரண்டாவது றிஷாட்டின் அறிவித்தல். மூன்றாவது நீங்கள் வாசிக்கிற இது. முதலாவதற்குத் திகதி போடும்போது இரண்டாவதை அதற்கு அடுத்த நாளுக்கும், மூன்றாவதை அதற்கடுத்த நாளுக்கும் கட்டிவிடுவேன்; பிறகு தானாகப் போகும். ஒன்றையும் நான் மறைக்கவில்லை என்பது உங்களுக்கு விளங்கும். ஒழுங்கு மட்டும்தான் என்னுடையது.

முதலாவது லதீபா ராத்தாவுடையது. எழுதி முடித்துவிட்டேன்; படமும் நல்லதாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன், இந்த முறை ஆள் மாறாது. அதில் திகதியும் நேரமும் மட்டும் வெறுமையாக இருக்கிறது. விரும்பினால் அதையும் என்னால் போட முடியும். அவருடைய மருந்துத் துண்டு இப்போதும் என் மேசையில்தான் கிடக்கிறது. ஆனால் நான் போடவில்லை. அது மலக்குடைய வேலை, ஊர் என்ன சொன்னாலும் நான் மலக்கு இல்லை.